தோடும் பதிவு எண்ணும்

தோழர்களே, 'ஓராண்டு நர்சிங், உடனடி வேலை'ன்னு போஸ்டர் ஒட்டுறான். காரைக்குடிப் பக்கத்து நம்ம சேரித் தாய் தோட்டை அடகு வச்சு ஃபீஸ் கட்டுது. அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. ரெண்டு வருஷ ஏ.என்.எம்., மூணு வருஷ ஜி.என்.எம்., நாலு வருஷ பி.எஸ்ஸி. படித்தால்தான் பதிவு. மற்றவள் வெறும் உதவியாளர், பெட்பேன் எடுக்கணும். பாட்டன் தலையில் சும்மா கட்டிய வேலைக்கு, பேத்தி காசு கட்டிப் படிக்கிறாள்!

பதிவு பெற்றவள் மட்டும் வாழ்ந்துட்டாளா? 2015இல் பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போன ஒப்பந்தச் செவிலியருக்கு மாசம் 7,700 ரூபாய். 2017இல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். சின்னத் தனியார் ஆஸ்பத்திரியிலும் 20,000க்குக் குறையக்கூடாது என்று 2016இல் மத்திய அரசுக் குழு சொன்னது. பரிந்துரைதான், சட்டமில்லை.

தோடு அடகுக்குப் போகுமுன் கேளுங்க: பதிவு உண்டா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டா? அசல் சான்றிதழைப் பிடிச்சு வைப்பீங்களா? பதிலை எழுத்துல வாங்குங்க.