ஒளித்து வைக்காதீர்!



நம் ஊர்களிற் சில வீடுகளில், விருந்தினர் வந்தால் ஒரு பிள்ளையை மட்டும் உள்ளறைக்கு அனுப்பிவிடுகின்றனர். அது டவுண் சிண்ட்ரோமுடன் பிறந்த பிள்ளை. தமக்கையின் விவாகம் குழம்பிவிடும் என்பது பெற்றோரின் அச்சம். அந்த அச்சத்தை உண்டாக்கியவர் யார்? நாமே!

இது முன்வினையுமன்று, தாயின் குற்றமுமன்று. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள. இப்பிள்ளைகளுக்கு 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகையாக இருப்பதை 1959இல் பிரெஞ்சு அறிஞர் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதுமன்று. அவ்வாறாயின் தமக்கையின் விவாகத்தைத் தடுக்க நியாயம் ஏது?

வைத்தியர்களே! இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயக் குறை உண்டு. பிறந்தவுடன் சோதியுங்கள். ஆசிரியர்களே! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதி மறுப்பதைத் தடுக்கின்றது. வாசலில் நிற்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர். கமக்காரர்களே! வெங்காயம் தரம் பிரிக்கவும், நாற்றுக்கு நீர் வார்க்கவும் பொறுமையுடன் காட்டிக்கொடுத்தால் இவர்களிற் பலர் செய்வர். செய்த வேலைக்குக் கூலியுங் கொடுங்கள். அது தருமமன்று, அவர்கள் உழைத்த பணம்.

"எங்கள் கண் மூடியபின் யார் பார்ப்பார்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். அதற்கு ஊர்தான் விடைகூற வேண்டும். அடுத்த திருவிழாவிற்கு அப்பிள்ளையையும் அழைத்து வாருங்கள் என்று அயலவரே சென்று சொல்லட்டும். அங்கிருந்து தொடங்குவோம்.