கையெழுத்துப் போடுவதற்கு முன்: ஆமிக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு

(தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் சம்பளம் பற்றிப் பேச வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு நாலைந்து பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் என்னைத் தேடி வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "டீச்சர், ஆமிக்குப் போகலாமா?" அதே கிழமையில் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் இரண்டு பேர் தனியாக வந்து, "போக வேணாம்னு நீங்க சொன்னா கேப்பாங்க டீச்சர்" என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

நான் யாரையும் அனுப்பவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. 18 வயது வந்த பிள்ளை தன் தொழிலைத் தானே தெரிவு செய்யட்டும். ஆனால் ஒரு சங்கக்காரியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இராணுவத்தில் சங்கம் கிடையாது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டமே படையினரையும் பொலிசாரையும் சிறைச்சாலை உத்தியோகத்தரையும் சங்கம் சேர முடியாதவர்களாக வைத்திருக்கிறது. அங்கே சந்தாவும் இல்லை, தலைவரும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை. வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பெயர் வேறு. தோட்டத்தில் அரைப் பேர் போட்டால் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறோம். அங்கே யாரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்? ஆகவே ஒரு சங்கம் உங்களுக்காகக் கேட்கக்கூடிய கேள்வி முழுவதையும் நீங்களும் உங்கள் வீட்டாரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும். பேரம் பேச உங்களுக்குக் கிடைக்கிற காலம் அதுவரைக்கும்தான்.

பெரியவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1983ஐப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியைப் பார்த்துவிட்டு மணிக்கணக்காக நிறுத்தி வைத்ததை அனுபவித்தவர்களும் இருக்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது, ஞாபகம் முடியவில்லை. "நம்ம பிள்ளைக்கு அங்க என்ன வேல?" என்று ஒரு பாட்டி கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை இருந்தது. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியத் துரைமார் மட்டும்தான். அவர்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு அதில் இடமில்லை. பிறகு 1949 ஒக்டோபரில் இன்றைய இராணுவம் உருவானது. அதற்கு முந்திய ஆண்டு, 1948இல் தான், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் தாத்தாமார் நாடற்றவர்களானார்கள். பிரஜை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல் தான் வந்தது. ஆகவே இந்த வாசல் நமக்கு உண்மையாகத் திறந்து அதிக காலம் ஆகவில்லை. உரிமை என்ற கணக்கில் பார்த்தால், தபால் கந்தோரில், பொலிசில், பாடசாலையில் நமக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் அங்கேயும் உண்டு. போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

இனி, தம்பிமாரே, உங்கள் பக்கம். "ஏன் போகப் போறே?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்கிற பதில், "லயத்தில இருந்து போகணும் டீச்சர்" என்பதுதான். எனக்கு அது விளங்குகிறது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு நாம் எத்தனை வருடம் தெருவில் நின்றோம். 2021இல் தான் கிடைத்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மாதச் சம்பளத்தை விரும்பாமல் இருக்குமா? ஆனால் ஒன்றிலிருந்து ஓடுவதும் ஒரு தொழிலைத் தெரிவு செய்வதும் ஒன்றல்ல. கொழும்புக் கடைக்கு ஓடிய பிள்ளை பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பலாம். ஆமியில் சொல்லாமல் திரும்பினால் அது சட்டப்படி குற்றம், தப்பியோடியவர் என்று பெயர். 2024 ஏப்ரலில் அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுமன்னிப்புக் காலம் ஒன்று கொடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்து முறைப்படி விலகினார்கள். அத்தனை பேரும் அதுவரை அடையாள அட்டையைக் காட்டப் பயந்து வாழ்ந்தவர்கள்.

ஆமி என்றால் துப்பாக்கி என்று நினைக்கிறோம். உள்ளே பல தொழில் இருக்கிறது. முன்னால் நிற்பது காலாட்படை: சிங்கப் படையணி, கெமுனு, கஜபா, விஜயபாகு என்று நீங்கள் கேள்விப்பட்ட பெயர்கள். அதற்குப் பின்னால் பொறியியலாளர் படையணி பாலம் போடும், பாதை வெட்டும், வடக்கில் மிதிவெடி அகற்றும். சமிக்ஞைப் படையணி தொலைத்தொடர்பைப் பார்க்கும். வாகனமும் இயந்திரமும் திருத்த மின், இயந்திரப் பொறியியலாளர் படையணி. வைத்தியப் படையணியில் தாதி வேலை, ஆய்வுகூட வேலை. சாமான், சாப்பாடு, போக்குவரத்துக்கு சேவைப் படையணி. சமையல்காரர், மேசன், தச்சர், வெல்டர், சாரதி, எழுதுவினைஞர் எல்லாரும் சீருடையில் இருக்கிறார்கள். பெண்களுக்கு 1979இலிருந்து மகளிர் படையணி இருக்கிறது.

இதில் எதைக் கேட்பது? நான் ஒரே ஒரு அளவுகோலைத் தருகிறேன். சீருடையைக் கழற்றி வைத்த பிறகு கையில் என்ன மிச்சம்? சாதாரண சிப்பாய்க்கு ஓய்வூதியம் வர 22 வருடம் சேவை வேண்டும். 20 வயதில் போனால் 42இல் வெளியே வருவீர்கள். 42 வயது கிழவன் வயதல்ல. வீட்டில் பிள்ளைகள் அப்போதுதான் உயர்தரம் படிக்கும். காலாட்படையில் 22 வருடம் நின்றவருக்கு வெளியே காத்திருக்கிற வேலை பெரும்பாலும் கொழும்பில் ஏதாவதொரு கட்டட வாசலில் காவல். பெக்கோ ஓட்டப் பழகியவருக்கு, டீசல் இன்ஜின் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு, மருந்து கட்டத் தெரிந்தவருக்கு அப்படியல்ல. காவல் வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை, அதுவும் உழைப்புத்தான். ஆனால் 18 வயதில் தெரிவு செய்ய வாய்ப்பு இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

ஐக்கிய நாடுகள் அமைதிப் படைக்கு வெளிநாடு போகிற ஆசையும் சிலருக்கு இருக்கிறது. இலங்கைப் படையினர் 2004இலிருந்து ஹெயிட்டிக்குப் போயிருக்கிறார்கள், தென் சூடானில் வைத்தியசாலை நடத்தியிருக்கிறார்கள். அந்த வைத்தியசாலைக்குப் போனவர்கள் வைத்தியத் தொழில் தெரிந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

விரும்பியதைக் கேட்டால் தருவார்களா? எப்போதும் தர மாட்டார்கள். எந்தப் படையணிக்கு ஆள் தேவையோ அங்கேதான் போடுவார்கள். ஆனால் கையில் தொழில் சான்றிதழோடு, தொழில் வெற்றிடத்துக்கென்று விண்ணப்பிக்கிறவனுக்குக் கேட்க ஒரு வாய் இருக்கிறது. வெறுங்கையோடு போகிறவனுக்கு அது இல்லை. அதனால் அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் ஒதுக்கி தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ வேறு அரசாங்கப் பயிற்சி நிலையத்திலோ என்.வி.கியூ. சான்றிதழ் ஒன்று எடுங்கள். ஆமி வேண்டாம் என்று பிறகு மனம் மாறினாலும் அந்தச் சான்றிதழ் வீணாகாது. உயர்தரத்தில் நன்றாகச் செய்யக்கூடிய பிள்ளை சிப்பாயாகப் போக அந்தரப்பட வேண்டாம். கெடெற் அதிகாரிக்கும், இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கும் உயர்தரம்தான் வாசல். அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற கல்லூரி தியத்தலாவையில், நம் தேயிலை மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கையில் எடுத்தவுடன் முதல் கேள்வி: இது நிரந்தரப் படையா, தொண்டர் படையா? இரண்டுக்கும் சேவை நிபந்தனை வேறு. எத்தனை வருடத்துக்குக் கையெழுத்து? இடையில் விலகினால் என்ன கிடைக்கும்? தோட்டத்தில் வேலையை விட்டால் நம் ஊழியர் சேமலாப நிதி நம் பெயரில் கிடக்கும். அங்கே அது இல்லை, ஓய்வூதியம்தான். அதனால் 10 வருடத்தில் விலகுகிறவனின் கணக்கும் 22 முடித்தவனின் கணக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

உடம்பு பற்றி. உயரம், எடை, நெஞ்சளவு, கண், காது, பல், பாதம் எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருந்தால் சாரதி, மின்சார வேலைகள் கிடைக்காது. முன்கூட்டியே அரசாங்க ஆஸ்பத்திரியில் கண்ணைப் பாருங்கள். ஓட்டம் நமக்குப் பிரச்சினை இல்லை, பாடசாலைக்கே மலை ஏறி வந்த கால்கள். வெற்றிலையையும் புகையையும் இன்றைக்கே விடுங்கள். ஆனால் உயரத்தில் நம் பிள்ளைகள் தோற்றுத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளை, நன்றாக ஓடும், ஒரு அங்குலம் போதாது. இது பரம்பரை என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். 2016ஆம் ஆண்டின் அரசாங்கச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டத்தில் கிட்டத்தட்ட 32 சதவீதம். ஒரே நாடு, இரண்டு மடங்கு. அந்த ஒரு அங்குலத்தைப் பிள்ளை இழந்தது 18 வயதில் அல்ல. அம்மா வயிற்றிலும் பிள்ளைக் காம்பராவிலும் இழந்தது. பிள்ளைக் காம்பராவில் பாலும் முட்டையும் கேட்டு மாதர் அணி மனுக் கொடுக்கும்போது "இது சின்ன விஷயம்" என்று சிரிக்கிற ஆண் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

மொழி. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் கட்டளை சிங்களத்தில்தான் வரும். கட்டளை விளங்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் திரும்புகிறவன் தினமும் தண்டனை வாங்குவான். அறிவில்லாதவன் என்றும் பெயர் எடுப்பான். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, வாசிக்கவும் எழுதவும் வேண்டும். நாளைக்கு உங்களிடம் நீட்டப்படுகிற கடதாசியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்றுதானே சங்கம் இத்தனை வருடமாகச் சொல்கிறது? வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரம் சிங்கள வகுப்பு நடக்கிறது. வாருங்கள்.

பத்திரங்களில்தான் நம் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் அப்பா பெயர் எழுத்துப் பிழை. விளம்பரம் வந்த பிறகு திருத்த ஓடினால் முடிவுத் திகதி போய்விடும். பிறப்பைப் பதியாமலே விட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலங்கடந்த பதிவுக்கு மாதக்கணக்கு ஆகும். 15 வயதானவுடன் அடையாள அட்டைக்குப் போடுங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், நற்சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். ஆமியில் சேரக் கட்டணம் இல்லை. "எனக்கு ஆளைத் தெரியும்" என்று வருகிறவனுக்கு உங்கள் அம்மாவின் நகையைக் கொடுக்காதீர்கள். அதைவிட மோசமானது, வெளிநாட்டு ஆமியில் வேலை என்று சொல்கிற ஏஜென்சி. 2024இல் நம் நாட்டின் முன்னாள் படையினர் பலர் அப்படி ரஷ்ய, உக்ரேன் யுத்த முனைக்குக் கொண்டுபோகப்பட்டு, சிலர் பிணமாகக்கூடத் திரும்பவில்லை. பழகிய சிப்பாய்களையே ஏமாற்றியவர்களுக்கு நீங்கள் எம்மாத்திரம்?

இடமும் குறைந்துகொண்டு வருகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. ஆகவே ஆமி ஒன்றையே நம்பி இரண்டு வருடம் வீட்டில் உட்கார வேண்டாம்.

சங்கக் குடும்பங்களுக்குக் கசக்கிற ஒன்றையும் மறைக்க மாட்டேன். 2024 தொடக்கத்தில் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பினார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையை அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பலாம். அவன் மறுக்க முடியாது. அவனைத் துரோகி என்று நாம் சொல்லவும் கூடாது. அது நடக்கக்கூடியது என்று தெரிந்து, அப்பாவும் மகனும் அடுப்படியில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசியிருந்தால் நல்லது. காம்பரா யார் பெயரில் இருக்கிறது, அப்பா ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தோட்டத்துப் பேர் யாருக்கு இருக்கும் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசில் பத்திரம் சரிபார்க்கிறோம். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கல்யாணச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேறு எல்லாவற்றிலும் மூலப் பிரதியோடு இரண்டு போட்டோப் பிரதி கொண்டுவாருங்கள். விண்ணப்பம் வைத்திருப்பவர்கள் நிரப்பாமல் கொண்டுவாருங்கள். சிங்களத்தில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாக வாசித்துச் சொல்கிறேன். அம்மா, அப்பாவில் ஒருவராவது கூட வர வேண்டும்.

இனி நீங்கள் கேளுங்கள். முதலில் அம்மாமார்.