நடப்பவருக்கும் வருமோ புற்றுநோய்?



தலைநகரில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு ஊரிலிருந்து உடன் வந்த பழக்கங்கள் சில உண்டு. இங்கு வந்தபின் பற்றிக்கொண்டவை சில உண்டு. காலை நடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஊரில் ஆற்றுக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தோம்; அதனை நடைப்பயிற்சி என்று எவரும் பெயரிட்டு அழைத்ததில்லை. இங்கோ நாள் முழுதும் நாற்காலி, மாலையில் பேருந்து அல்லது மெட்ரோ, வீடு வந்தால் மீண்டும் நாற்காலி. ஆகவே விடியற்காலையில் குல்லாயும் கழுத்துக்குட்டையுமாகப் புறப்பட்டு, பூங்காக்களைச் சுற்றி வருகிறோம். ராமகிருஷ்ணபுரத்தில் உள்ளவர்கள் மலை மந்திர்ப் படிகளில் ஏறி, முருகனையும் தரிசித்து, உடம்பையும் பேணிக்கொண்டதாக நிறைவு எய்துகிறார்கள்.

அவ்வாறு ஏறியவர்களுள் ஒருவர் நம் அலுவலகத்து மூத்த நண்பர். கும்பகோணத்துக்காரர். பணி ஓய்வு பெறும்வரை இருபது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் நடந்தவர். ஓய்வுக்குப்பின் மயூர் விகாருக்குக் குடிபெயர்ந்தும் நடையை விட்டாரில்லை. புகை, மது, புகையிலை எதுவும் அறியாதவர். சென்ற ஆண்டு அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பியவரைக் காணச் சென்றோம். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "இவ்வளவு நடந்தும் உமக்கு ஏன் வந்தது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பர் நம் முகத்தைப் பார்த்து, "தம்பி, இருபது வருஷம் நடந்தேனே, அத்தனையும் பொய்யா?" என்றார். அன்று அவருக்குச் சரியான விடை கூற நம்மால் இயலவில்லை. இன்றைய பேச்சு அந்த வினாவுக்கு நாம் தேடிக்கொண்ட விடை. நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் எழுதுவதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் பிழைப்பவர். அந்த அளவில் கொள்க.

உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகாது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் செய்த இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1713-இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் அமர்ந்திருத்தல், கையின் ஒரே வகை அசைவு, பிழை நேராதிருக்க வேண்டுமென்ற மனவழுத்தம் என்று அவர்தம் துன்பத்திற்கு மூன்று காரணங்கள் கூறினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு இதில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவையில்லை.

கருத்தை எண்ணிக்கையாக்கியவர்களுள் முதன்மையானவர் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். அந்நகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார்; நடத்துநர் படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தார், ஒரே வண்டியில் செல்பவர். ஆயினும் மாரடைப்பு ஓட்டுநர்க்கே மிகுதி என்று 1953-இல் மாரிஸ் குழுவினர் வெளியிட்டனர். அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. சீருடை தைப்பதற்கென்று குறித்து வைத்த இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தனர். ஓட்டுநரின் இடுப்பு, இளவயதினரிடத்தும் நடத்துநரின் இடுப்பைவிடப் பெரிதாயிருந்தது. இதை 1956-இல் வெளியிட்டனர். அப்படியானால் உட்கார்ந்ததால் பருத்தாரா, பருத்தவர் உட்காரும் வேலையைத் தேர்ந்தாரா? இவ்வினா அன்றுமுதல் இன்றுவரை இத்துறை ஆராய்ச்சிகள் அனைத்தையும் நிழல்போல் தொடர்ந்து வருகிறது. இதனை நெஞ்சில் வைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

மாரிஸ் பேசியது இதயத்தைப் பற்றி. புற்றுநோயைப் பொறுத்தவரை, அமர்ந்தே பணிபுரியும் ஆண்களுக்கு, உடலுழைப்பு மிக்க பணியினரைக் காட்டிலும் பெருங்குடல் புற்றுநோய் சுமார் 1.6 மடங்கு நேர்கிறது என்று லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வொன்று 1984-இல் கூறிற்று. பின்னர் பற்பல ஆய்வுகள் வந்தன. அவற்றுள் பெரிது 2016-இல் வெளியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 12 நெடுநாள் ஆய்வுகளை ஒன்றாக்கி, 14 லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு, 26 வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்தனர். ஓய்வு நேரத்தில் மிகுதியாக உடலை இயக்குவோரை, மிகக் குறைவாக இயக்குவோருடன் ஒப்பிட்டால், 13 வகைகளில் அபாயம் குறைவாயிருந்தது. பெருங்குடலில் 16 விழுக்காடு, மார்பகத்தில் 10 விழுக்காடு, கருப்பையின் உட்சுவரில் 21 விழுக்காடு, சிறுநீரகத்தில் 23 விழுக்காடு என்பன சில. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 7 விழுக்காடு.

உணவுக்குழலில் தோன்றும் ஒரு வகைக்கு 42 விழுக்காடு குறைவு என்ற எண்ணும் அதில் உண்டு. செய்தித்தாள்கள் விரும்பி எடுத்தாள்வது அதனையே. ஆனால் அந்த வகை மேல்நாடுகளில் பரவலானது. நம் நாட்டில் உணவுக்குழல் புற்றுநோயில் பெரும்பாலானது வேறு வகை. பிறர் வீட்டுக் கணக்கை நம் வீட்டு வரவாக எழுதிக்கொள்ளலாகாது.

16 விழுக்காடு என்றால் என்ன பொருள்? விளக்கத்திற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அசையாமல் வாழும் ஆயிரம் பேரில் 20 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறதென்று கொள்க. அதே ஆயிரம் பேர் நன்றாக உடலை இயக்கியிருந்தால் ஏறக்குறைய 17 பேருக்கு வரும். மூவர் தப்பினர். அந்த மூவர் யார் என்பதை எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. தாம் தப்பியது அவர்களுக்கே தெரியாது. எஞ்சிய பதினேழு பேருள்ளும் நாள்தோறும் நடந்தவர்கள் இருக்கிறார்கள். நம் நண்பர் அவர்களுள் ஒருவர். அவர் நடந்தது பொய்யன்று. நடையும் அவரை ஏமாற்றவில்லை. அது கொடுக்காத வாக்குறுதியை நாம் அதன் வாயில் வைத்துப் பேசினோம், அவ்வளவே.

உடலை இயக்குவதால் உள்ளே நிகழ்வது என்ன என்பதிலும் ஓரளவு தெளிவு உண்டு. தசைகள் உழைக்கும்போது குருதியிலுள்ள சர்க்கரையை எளிதில் ஏற்கின்றன. அதனால் இன்சுலின் அளவு தாழ்கிறது. இன்சுலின் மிகுந்திருப்பது உயிரணுக்கள் பெருகுவதற்குத் தூண்டுதலாகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொழுப்புத் திசுவே எஸ்ட்ரோஜன் உண்டாகும் முக்கிய இடமாகிறது; கொழுப்புக் குறைந்தால் அதுவும் குறைகிறது. உடம்பில் நீறுபூத்த நெருப்பாக இருக்கும் அழற்சி தணிகிறது. குடலில் கழிவு தங்கும் நேரம் குறையலாம் என்பதும் ஒரு கருத்து. ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று பிரித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

அதே 2016 ஆய்வில் தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய், மிகுதியாக இயங்குவோரிடம் 27 விழுக்காடு அதிகம். ஓடுவது தோலைக் கெடுக்குமா? இல்லை. வெள்ளைத் தோலினர் வெயிலில் ஓடுகின்றனர். வெயில் தன் வேலையைச் செய்கிறது. நுரையீரல் புற்றுநோய் இயங்குவோரிடம் 26 விழுக்காடு குறைவு என்று கண்டனர். புகைப்பவர், புகைத்து விட்டவர், புகைக்காதவர் என்று பிரித்துப் பார்த்தபோது, ஒருநாளும் புகைக்காதவரிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஓடுகிறவன் குறைவாகப் புகைத்திருப்பான்; அந்தப் புண்ணியம் ஓட்டத்தின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே, காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வாயில் ஜர்தாவை அடக்கிக்கொள்பவர்கள் ஒன்றை உணர வேண்டும். இந்தக் கடனை அந்த வரவு தீர்க்கும் என்பதற்குச் சான்று கிடையாது. நம்மவர்கள் சிலர், "புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியுள்ளது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் சுகாதாரச் சுவரொட்டி ஒன்று தமிழாக்கத்திற்கு நம் மேசைக்கு வந்தது. ஒழுங்கான உடற்பயிற்சி சிலவகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைப்பதோடு தொடர்புடையது என்பது ஆங்கில வாசகத்தின் பொருள். இதை முதலில், 'புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும்' என்று எழுதினோம். நோய்க்கு வாய்ப்பு என்பது செவிக்கு இனிமையாக இல்லை. வாய்ப்பு நல்லவற்றுக்கு உரிய சொல். 'அபாயத்தைக் குறைக்கலாம்' என்று மாற்றினோம். 'சிலவகை' என்பதையும் சேர்த்தால் வரி நீண்டது. ஒதுக்கப்பட்ட கட்டமோ சிறிது. இறுதியில், 'நடைப்பயிற்சி புற்றுநோயைத் தடுக்கும்' என்று மூன்றே சொற்களில் முடித்துக் கொடுத்தோம். எவரும் குறை கூறவில்லை. நறுக்கென்று இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது. அச்சுப்படியைத் திருத்திக் கொடுத்தவர் நம் நண்பரே.

அவருக்கு மலத்தில் குருதி கண்டது, நோயென்று உறுதிப்படுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன். மூலம் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். ஊரிலிருந்து கருணைக்கிழங்கு லேகியம் வருவித்து உண்டார். மனைவியார் மருத்துவரிடம் போகலாம் என்றபோதெல்லாம், "தினமும் நடக்கிறவனுக்கு அப்படியெல்லாம் வராது" என்று மறுத்திருக்கிறார். சுவரொட்டியை மட்டுமே நம்பி அவர் தாமதித்தார் என்று சொல்வது நம்மை நாமே மிகைப்படுத்திக்கொள்வதாகும். ஆயினும், "நீதானே எழுதினாய், தடுக்கும் என்று" எனச் சிரித்துக்கொண்டே அவர் கூறியபோது, அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பரிசோதனையில் நோய் குடலைக் கடந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை எட்டியிருந்தது. மூன்றாம் நிலை என்றார் மருத்துவர். அந்த ஐந்து மாதம் முன்னதாகச் சென்றிருந்தால் வேறாகியிருக்குமா என்று கேட்டோம். அவர் விடை கூறாமல் தாளைப் புரட்டினார்.

அறுவைக்குப்பின் மருந்துச் சிகிச்சையும் முடிந்தது. இனி நடக்கலாமா, நடந்து பயன் உண்டா என்பது நண்பரின் அடுத்த வினா. வியப்பு என்னவெனில், இந்த இடத்தில்தான் நமக்குக் கிடைக்கும் சான்று மிக உறுதியானது. மாரிஸின் காற்சட்டை ஐயத்தைத் தீர்க்கும் வழி ஒன்றே: யார் நடப்பது, யார் நடவாதிருப்பது என்பதை அவரவர் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் முறையில் பிரிப்பது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 889 நோயாளிகளை அவ்வாறு பிரித்தனர். அனைவரும் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்தவர்கள். ஒரு பாதியினர்க்கு நலவாழ்வு நூல்கள் தரப்பட்டன. மறு பாதியினர்க்கு அவற்றோடு மூன்றாண்டுக் காலம் பயிற்சியாளர் துணையும் தரப்பட்டது. வழக்கமாகச் செய்வதற்குமேல், வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி வரை விரைந்து நடப்பதற்கு ஈடான உழைப்பு அவர்களுக்கு இலக்கு. முடிவு 2025 ஜூனில் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் நோய் மீளாதிருந்தோர் பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு, மற்றதில் 73.9. எட்டாண்டுகளுக்குப்பின் உயிரோடிருந்தோர் 90.3 விழுக்காடு, மற்றதில் 83.2. தசை வலியும் மூட்டு நோவும் பயிற்சி செய்தோர்க்கு அதிகம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இவ்வெண்களைத் தமிழில் எழுதி நண்பரிடம் கொடுத்தோம். இம்முறை வினைச்சொற்களைப் பார்த்துப் பார்த்து எழுதினோம். அவர் கண்ணாடி அணிந்து இருமுறை படித்து, ஓரிடத்தில் ஒற்றுப் பிழையைத் திருத்தினார்.

தம் மருத்துவரின் ஒப்புதலுடன் இப்போது மீண்டும் நடக்கிறார். நலமுள்ளோர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. இவர் பத்து நிமிடத்தில் தொடங்கினார். தில்லியின் குளிர்காலக் காற்று மற்றோர் இடையூறு. வெளிக்காற்றின் மாசும் புற்றுநோய் விளைவிப்பதென 2013-இல் வகைப்படுத்தப்பட்டதே. நலமுள்ளோர் இந்நகரில் மிதமாக நடப்பதில் நன்மையே மிகுதி என்று 2016-இல் ஒரு கணக்கீடு கூறிற்று. ஆயினும் புகைமூட்டம் கவிந்த நாட்களில் நண்பர் வெளியே இறங்குவதில்லை. குடியிருப்பின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில், கதவுகளைச் சாத்திக்கொண்டு, இக்கோடியிலிருந்து அக்கோடிவரை நடக்கிறார். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் சுற்றுகளை எண்ணிச் சொல்கிறார்.

அந்தச் சுவரொட்டி மறுபதிப்புக்காக அண்மையில் மீண்டும் நம் மேசைக்கு வந்தது. 'தடுக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'சிலவகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கும்' என்று எழுதினோம். அதன்கீழ், 'நடப்பவரும் மலத்தில் குருதி கண்டால் உடனே மருத்துவரிடம் செல்க' என்று மற்றொரு வரி சேர்த்தோம். இடம் போதாது என்றனர் அச்சிடுவோர். நடப்பவரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறோம்.