பதில் எப்போது தயாராகிறது?

சமையலறையிலிருந்து அம்மா கேட்கிறார்: "கேஸ அணைச்சிட்டியா?" மகள் உடனே சொல்கிறாள்: "அணைச்சிட்டேன்மா."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? ஒரு விநாடியை ஐந்தாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான்!

நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் இதை அளந்து, 2009ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மொழிக்கு மொழி சின்ன வித்தியாசம் உண்டு. ஆனால் சராசரி அந்த ஐந்தில் ஒரு பங்குதான்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால், "பூனை" என்று சொல்லவே நமக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியானால் பதில் எப்படி அவ்வளவு சீக்கிரம் வருகிறது?

எதிரில் பேசுபவர் முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கிறோம். ஆமாம், முடிக்கும் முன்பே! காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளை பதிலைக் கோக்கிறது. வாக்கியம் எங்கே முடியும் என்றும் ஊகிக்கிறது.

ஆய்வாளர்கள் அளந்த அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. ஜப்பானிய மொழி இருந்தது. நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழி. அதைப் பேசுபவர்கள் கடைசிச் சொல்வரை காத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? மிக விரைவாகப் பதில் சொன்னவர்கள் அவர்கள்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ காலில் பேசும்போது, குரல் துளி தாமதமாக வந்தால் போதும். இந்தக் கணக்கு குழம்பிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். பிறகு இருவருமே, "நீ சொல்லு, நீ சொல்லு" என்போம்.