நாபோத்து விற்க மறுத்த நிலம்



அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தை நாம் அறிவோம். இஸ்ரியேல் என்னும் ஊரில், ஆகாபு அரசனின் அரண்மனையை ஒட்டி அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் எடுத்த எடுப்பில் மிரட்டவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலையை வெள்ளியாகவே வாங்கிக்கொள் என்கிறான். கேட்பதற்கு நியாயமான பேச்சுவார்த்தைதான். மூதாதையர் விட்டுச்சென்றதை விற்க ஆண்டவருக்கு முன் தமக்கு உரிமையில்லை என்று நாபோத்து மறுத்துவிடுகிறார். பிழைக்கத் தெரியாத மனிதர் என்று ஊரில் சிலராவது பேசியிருப்பார்கள்.

நம் வடசென்னையில் 2023 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு நிலையத்தின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வாளியைக் கொண்டு அதை அள்ளினார்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் தருவதாக அரசு அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் அம்மோனியாக் குழாய் கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இப்படிப்பட்ட நேரங்களில் மக்களோடு நின்று மனு எழுதுகிறவர்கள், தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்கிறவர்கள், பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் எப்படிப் பேசுகிறோம்? ஆலையை மூடு என்றால், வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்கிறோம். நிபந்தனையோடு திறக்கட்டும் என்று இறங்கி வந்தால், விலைபோய்விட்டார்கள் என்கிறோம். சில வீடுகளில் அப்பா வலைக்குப் போகிறார், மகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சண்டை அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது.

சந்தேகம் எப்போதும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. 1892இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் புகழ்பெற்ற சியரா கிளப், இயற்கை எரிவாயுத் தொழிலிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தது 2012இல் வெளியே வந்தது. நிலக்கரிக்கு எதிரான போராட்டத்துக்குத்தான் அந்தப் பணம். நோக்கத்தைக் குறை சொல்வது கடினம். ஆனால் உறுப்பினர்கள் அதை ஊடகச் செய்தி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் பகுதியிலும் ஆலைகள் பள்ளிக்குக் கட்டடம், திருவிழாவுக்குப் பந்தல் என்று கொடுப்பதுண்டு. வாங்குவது பாவம் என்று சொல்ல வரவில்லை. வாங்கியவர் மறுநாள் அந்த ஆலையின் புகையைப் பற்றி வாய் திறக்க முடிகிறதா என்பதே கேள்வி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா, உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பாதி வழியில் நின்றுவிடும் ஏற்பாடுகள் அழிவைக் கொஞ்சம் தள்ளிப்போடவே செய்யும் என்று எச்சரிக்கிறார். உண்மைதான். ஆனாலும் மீன்பாடு இல்லாத வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்தது குறித்து 2016இல் தொடங்கிய வழக்குக்கு 2022இல்தான் தீர்ப்பு வந்தது. அத்தனை ஆண்டுகள் யார் பட்டினி கிடப்பது? வயிற்றுக்காக வாங்கிய 12,500 ரூபாயை எவரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

அந்தப் பணத்தோடு ஆற்றின் கணக்கும் முடிந்தது என்று யாராவது கையெழுத்திட்டால், அங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும். நாபோத்து தம் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். கழிமுகத்துக்கு எந்தச் சங்கத்திடமும் எந்த அமைப்பிடமும் பட்டா இல்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் படகே கிடையாது, படகுக் கணக்கில் அவர்கள் எப்படி வருவார்கள்? அவர்கள் உட்காராத மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு முடிக்கும் சமரசம், எவ்வளவு நல்லவர்கள் செய்தாலும், பிறர் சொத்தை விற்பதுதான்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு, 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இனி அப்படியொரு கூட்டம் நடந்தால், எழுந்து பேசுகிறவர்களும், கூச்சலிட்டு அவர்களை உட்கார வைக்கிறவர்களும் நம் பங்குகளிலிருந்து போகிறவர்களாகவே இருப்பார்கள். அதற்கு முன் அந்த 21ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை சேர்ந்து வாசிப்போம். அரசி ஈசபேல் கடிதம் எழுதியது ஊர்ப் பெரியவர்களுக்கு. நாபோத்தைக் கூட்டத்தின் முன்னால் உட்காரவைத்து, பொய்ச்சாட்சி சொல்ல வைத்து, கல்லெறிந்து கொன்றது அவருடைய சொந்த ஊர்க்காரர்கள்.