கயிறு கட்டிய மல்லர்: பழைய சுமோ படங்களில் யார் யார்?

(நமது குடியிருப்பு கிளப் ஹவுஸில் நடந்த மூத்தோர் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் இதே இடத்தில் சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பராமரிப்பது எப்படி என்று கேட்டோம். அதற்கு முந்தைய மாதம் உயில் எழுதுவது பற்றி. இந்த மாதம் சுமோ என்றதும் நம் செயலாளர், "சார், காரைப் பற்றியா?" என்று கேட்டார். கார் இல்லை. ஜப்பானிய மல்யுத்தம். அதிலும் இன்றைய மல்யுத்தம் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் தடவி, காகிதத்தில் அச்சிட்ட மல்லர் படங்கள்.

இந்தப் படங்களைப் பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் எல்லாரும் தங்களிடம் உள்ள படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு காலைக் காபியோடு இவற்றைப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

பார்க்க ஆரம்பித்தால் முதலில் ஒரு சிக்கல் வரும். எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். அதே பெரிய வயிறு, அதே குடுமி, அதே சிறிய கண். உயரத்தையும் நம்ப முடியாது. ஹிடெனோயாமா ரைகோரோ என்ற மகா மல்லர் சுமார் 164 சென்டிமீட்டர் உயரம்தான். படத்தில் பார்த்தால் மலை மாதிரி நிற்பார். அப்படியானால் இவர்தான் இன்னார் என்று எப்படிச் சொல்வது?

வங்கியில் நாங்கள் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுத்ததில்லை. பெயர், ஸ்பெசிமன் கையெழுத்து, தேதி, முத்திரை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான்.

முதலில் உடையைப் பார்ப்போம். சுமோவின் உச்சப் பட்டம் யோகோசுனா. அந்தச் சொல்லுக்கே 'குறுக்குக் கயிறு' என்றுதான் பொருள். இடுப்பைச் சுற்றி வெள்ளை நிறத்தில் தடித்த கயிறு. முன்பக்கம் மின்னல் கீற்றைப் போல மடித்த வெள்ளைக் காகிதங்கள் தொங்கும். ஜப்பானில் ஷிண்டோ கோயில்களில் 'இது புனிதமான இடம்' என்று காட்டக் கட்டும் கயிற்றையே இது நினைவூட்டும். இன்றைய கயிறு சணல் நாரும் செப்புக் கம்பியும் வைத்து, மேலே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி முறுக்கியது. 20 கிலோ வரைகூட எடை வரும். பழைய படங்களில் கயிறு இவ்வளவு தடிமனாக இருக்காது.

கயிற்றுக்கு அடியில் முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் பட்டு முன்தானை கேஷோ-மவாஷி. கனமான பட்டு, எம்பிராய்டரி வேலை, அடியில் குஞ்சம். நம் காஞ்சிபுரம் நெசவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த முன்தானை மேல் பிரிவு மல்லர்கள் எல்லோருக்கும் உண்டு. அழகான பட்டு கட்டியிருக்கிறார் என்பதற்காக அவரை மகா மல்லர் என்று சொல்லிவிட முடியாது. கயிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, யோகோசுனா மேடைக்குத் தனியாக வருவதில்லை. முன்னால் ஒருவர் வழிவிலக்கிக்கொண்டு வருவார். அவருக்குப் 'பனி துடைப்பவர்' என்று பெயர். பின்னால் ஒருவர் வாளை ஏந்தி வருவார். இன்று மூவரின் முன்தானையும் ஒரே தொகுப்பாக நெய்யப்படுகிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் வாள் வைத்திருப்பவர்தான் தலைவர் என்று நினைப்பார்கள். வாள் அவருடையது அல்ல, கயிறு கட்டியவருடையது. மூன்று பேர் படம் என்றால் வாளை விட்டுவிட்டுக் கயிற்றைத் தேடுங்கள்.

இதே மல்லர் மற்ற படங்களில் கயிறு இல்லாமலும் இருப்பார். கயிறு மேடையேறும் சடங்குக்கு மட்டும்தான். சண்டைக் காட்சியில் வெறும் கச்சையோடு இருப்பார். தெருவில் நடக்கும் படத்தில் கிமோனோ அணிந்து, இடுப்பில் வாள் செருகியிருப்பார். அந்தக் காலத்தில் பெரிய மல்லர்களைச் சிற்றரசர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். வாள் அந்த அந்தஸ்தின் அடையாளம். ஆகவே கயிறு இருந்தால் அனேகமாக யோகோசுனா. இல்லாவிட்டால் அவர் யோகோசுனா இல்லை என்று ஆகிவிடாது.

இனி வரலாறு. இதுதான் இன்றைய பேச்சின் முக்கியப் பகுதி. 1789 நவம்பரில் தனிகாசே, ஓனோகவா என்ற இருவருக்குக் கயிறு கட்டும் உரிமம் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் குமமோட்டோவைச் சேர்ந்த யோஷிதா குடும்பம். சுமோ சடங்குகளில் அவர்கள் வைத்ததே சட்டம். இந்த இருவருக்கும் பழைய கணக்கு உண்டு. தொடர்ந்து 63 போட்டிகள் தோற்காமல் வந்த தனிகாசேயை 1782-இல் வீழ்த்தியவர் ஓனோகவா. 1791-இல் இருவரும் ஷோகுன் இயெனாரி முன்னிலையில் மோதினார்கள். கட்சுகவா மரபு ஓவியர்கள் இவர்களை வரைந்து தள்ளினார்கள்.

இவர்களுக்குக் கிடைத்தது பதவி உயர்வு அல்ல, ஒரு சடங்கு உடையை அணிவதற்கான அனுமதி. அன்றைய சீனியாரிட்டி பட்டியலில் உச்சப் பதவி ஓசெகிதான். 'யோகோசுனா' என்ற சொல் அந்தப் பட்டியலில் முதன்முதலாக அச்சானது 1890-இல், நிஷினோஉமி என்பவருக்கு. அது முறையான பதவியாக விதிகளில் ஏறியது 1909-இல். ஆக, நூறு வருடத்துக்கும் மேலாக அது உடையாக மட்டுமே இருந்திருக்கிறது.

'நான்காவது யோகோசுனா தனிகாசே' என்று புத்தகங்களில் எண் போட்டிருப்பார்களே என்று கேட்பீர்கள். அந்த எண்கள் பின்னால் வந்தவை. ஜின்மாகு என்ற மல்லர் ஓய்வு பெற்ற பின் பட்டியல் ஒன்றைத் தொகுத்து, 1900-இல் டோக்கியோவின் தொமியோகா ஹச்சிமான் ஆலயத்தில் கல்லில் பொறிக்கச் செய்தார். தனிகாசேக்கு முன் மூன்று பெயர்களைச் சேர்த்தார். முதல் பெயர் அகாஷி ஷிகானோசுகே. அவர் கதைகளில் வாழ்பவர். எங்காவது அகாஷி கயிறு கட்டி நிற்கும் படத்தைப் பார்த்தால், அது பிற்காலக் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சரிபார்ப்பு வேலைக்கு வருவோம். படத்தில் மல்லரின் பெயர் பெரிய எழுத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் சில எழுத்துகளைப் பழகிக்கொள்ளலாம். நெட்டுக்கு மூன்று கோடு கிழித்தது போல் ஓர் எழுத்து இருந்தால் அது 'நதி'. ஓனோகவாவின் கடைசி எழுத்து அதுதான். ஆனால் நதியில் முடியும் மல்லர் பெயர்கள் ஏராளம். நம் ஊரில் 'சாமி'யில் முடியும் பெயர்களைப் போல. அதோடு நிறுத்தாமல் முழுப் பெயரையும் ஒப்பிட வேண்டும்.

முழுப் பெயரும் பொருந்தினாலும் வேலை முடியாது. ஒரே பெயர் பரம்பரையாக வரும். உமெகதானி இருவர், நிஷினோஉமி மூவர், எல்லோருமே யோகோசுனா. ஓவியர்களும் அப்படியே. குனிசடா என்ற புகழ்பெற்ற ஓவியர் 1844 முதல் தன் குருவின் பெயரான தொயோகுனி என்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மாறினால் நாங்கள் புதிய கார்டு வாங்குவோம். இங்கே நாம்தான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கைகொடுப்பது தணிக்கை முத்திரை. அரசின் அனுமதி இல்லாமல் படம் விற்க முடியாது. ஏறத்தாழ 1791 முதல் 1842 வரை 'கிவாமே' என்ற சிறிய வட்ட முத்திரை இருக்கும். அதன் பிறகு தணிக்கையாளரின் பெயர் முத்திரை. 1850-களிலிருந்து ஆண்டும் மாதமும் சொல்லும் முத்திரை வந்தது. ஆண்டை விலங்கின் பெயரால் குறிப்பார்கள். நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது வருடச் சுற்று இருப்பது போல அவர்களுக்குப் பன்னிரண்டு. 1864 எலி ஆண்டு.

ஓர் உதாரணம். கயிறு கட்டிய மல்லர், பெயர் ஷிரானுயி. 'அறியாத தீ' என்று பொருள். குமமோட்டோ பக்கத்துக் கடலில் இரவில் தெரியும் மர்ம ஒளிக்கு அந்தப் பெயர். யோகோசுனாக்களில் ஷிரானுயி இருவர். டகுஎமோன் 1840-இலும், கோஎமோன் 1863-இலும் உரிமம் பெற்றவர்கள். ஊரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் இருவரும் அதே குமமோட்டோ வட்டாரம். இரண்டாம் பெயர் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. எழுதவில்லையா? முத்திரையைப் பாருங்கள். கிவாமே வட்டம் இருந்தால் டகுஎமோன். எலி ஆண்டு என்று இருந்தால் கோஎமோன். வேலை முடிந்தது.

கயிற்றின் முடிச்சை வைத்துச் சொல்லலாமே என்று சிலர் சொல்வார்கள். இன்று முதுகுப் பக்கம் ஒரு வளையம் இருந்தால் உன்ரியூ பாணி, இரண்டு இருந்தால் ஷிரானுயி பாணி. ஆனால் இந்தப் பெயரிடல் பிற்காலத்தது. இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன என்று வாதிடுவோரும் உண்டு. பழைய படத்தில் முடிச்சைப் பார்த்து ஆளைச் சொல்வது ஆபத்து. நடுவரின் உடை இன்னொரு சாட்சி. தோள்பட்டை விறைத்து நிற்கும் மேலங்கி அணிந்திருந்தால் அது 1910-க்கு முந்தைய வழக்கம். இப்போது டிவியில் பார்க்கும் உயரமான கருப்புத் தொப்பி அந்த ஆண்டு வந்தது.

கடைசியாக ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். ரைடென் தமெஎமோன். பெயருக்கு இடி மின்னல் என்று பொருள். 1790 முதல் 1811 வரை 254 வெற்றி, வெறும் 10 தோல்வி. சுமோ வரலாற்றில் இவருக்கு இணை இல்லை என்பவர்களே அதிகம். வெளியூர்ப் பயணங்களைப் பற்றித் தன் கையால் குறிப்பேடு எழுதி வைத்தவர். இவர் படத்தில் கயிறு இருக்காது. யோகோசுனா உரிமம் இவருக்குக் கிடைக்கவேயில்லை.

ஏன் என்று பலரும் பல காரணம் சொல்கிறார்கள், சிற்றரசர்களுக்கு இடையே போட்டி என்பது உட்பட. நான் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். 1789-இல் இருவருக்குக் கொடுத்த பிறகு அடுத்த உரிமம் 1828-இல்தான். ரைடென் களத்தில் இருந்த 21 வருடமும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போகவில்லை. அந்தக் கவுன்ட்டரே மூடியிருந்தது. உச்சப் பதவியான ஓசெகியில் அவர் பதினாறு வருடம் இருந்தார்.

நான் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதனால் இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஜின்மாகு கல்லில் பெயர்களைப் பொறித்தபோது, உரிமம் இல்லாத ரைடெனை விட்டுவிடவில்லை. 'ஒப்பற்ற மல்லர்' என்று தனியாகக் குறிப்பிட்டு அவர் பெயரையும் சேர்த்தார். கயிறு கட்டிய ஒருவரே கயிறு கட்டாதவருக்குச் செய்த மரியாதை அது. படத்தில் கயிறு இருந்தால் உரிமம் இருந்தது என்று தெரியும். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய ரெக்கார்டைப் புரட்ட வேண்டும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இன்று இரவு ஒரு படம் அனுப்புகிறேன். கயிறு, பெயர், முத்திரை என்று வரிசையாகப் பார்த்து யார் என்று சொல்லுங்கள். முதலில் சரியாகச் சொல்பவருக்கு எங்கள் வீட்டில் ஃபில்டர் காபி.