கொடியும் பந்தலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழுலகம் இன்றளவும் போற்றுகிறது. அவ்வள்ளல் கொடிக்கு வளரக் கற்பிக்கவில்லை. பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாமையைக் கண்டு, அதனையே தந்தான். முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இவ்வுண்மை புதிதன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பகுதியின் பன்னீர்த் திராட்சை பந்தலில் படர்ந்தே காய்க்கிறது. கொடி தரையில் சரிந்தால் உழவர் கொடியை வைவதில்லை, பந்தற்காலைப் பார்க்கிறார். கணினி அறிவியல் பயிலச் சேர்ந்து இடையில் நின்றுவிடும் பெண்களையும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கருப்பொருள்.

அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் பெண்கள். பின்னர் அத்தொகை 20க்கும் கீழே இறங்கியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகியோர் ஓர் உண்மையைக் கண்டனர். வீட்டிலேயே கணினியோடு விளையாடி வளர்ந்த ஆண்பிள்ளைகளின் முன்பழக்கத்தைப் பெண்கள் பிறவித் திறமை என்று மயங்கினர். தமக்கு அது இல்லையென எண்ணி விலகினர். சேர்க்கை முறையும் தொடக்கப் பாடங்களும் மாற்றப்பட்டன. 1995இல் 7 விழுக்காடாக இருந்த புதுமுக மாணவியர் 2000இல் 42 விழுக்காடாயினர்.

தேனி மாவட்டத்தின் நிலை வேறு. உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், பெரியகுளத்தில் 1971இல் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும், போடியில் 2012இல் அரசு பொறியியல் கல்லூரியும் தோன்றின. விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைகடந்து ஏலத்தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்லும் தாய்க்கு, நிழலில் அமர்ந்து செய்யும் கணினி வேலை மகளுக்கு ஏற்றதாகவே தோன்றுகிறது. ஆகவே இங்கு நுழைவதில் தயக்கம் குறைவு, நிலைப்பதில்தான் இடர்ப்பாடு.

சின்னமனூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வரும் மாணவியை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவள். முதற்பருவத்திலேயே ஆங்கில நூலும் சி மொழியும் எதிர்ப்படுகின்றன. வீட்டில் கணினி இல்லை. ஆய்வுக்கூடத்தில் மாலையில் தங்கிப் பழகலாமெனில், ஊருக்குச் செல்லும் பேருந்து காத்திராது. ஒரு தாளில் அரியர் விழுகிறது. அண்ணனுக்கு அரியர் விழுந்தால், "அடுத்த முறை எழுதட்டும்" என்கிறது வீடு. தங்கைக்கு விழுந்தால், "படிப்பு ஏறவில்லை, வரன் பார்க்கலாம்" என்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்குக் காவலாய் நிற்பது பதினெட்டு வயது வரை. அவ்வயது நிறைவதோ பெரும்பாலும் கல்லூரியின் முதலாண்டில்! சட்டத்தின் காவல் முடியும் இடத்தில்தான் பட்டப்படிப்பு தொடங்குகிறது.

பந்தற்கால்கள் சில நடப்பட்டுள்ளன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் தோன்றிய திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு 5,000 ரூபாய் வழங்கியது. 2022இல் அதே பெயர் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்ணுக்குப் பட்டம் முடியும்வரை மாதந்தோறும் 1,000 ரூபாய் என அது வகுத்தது. மணநாளில் வீட்டாருக்கு உதவிய தொகை, படிக்கும் ஒவ்வொரு மாதமும் அவள் வங்கிக் கணக்கிற்கே வருவதாயிற்று. நின்றால் பணமும் நிற்கும். ஆகவே வீட்டில் அவள் படிப்புக்கு ஒரு சொல்வலிமை பிறந்தது. மணமானவளுக்கும் வழி அடைபடவில்லை: மாணவியருக்கு மகப்பேற்றின்போது வருகைப்பதிவிலும் தேர்விலும் சலுகை தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

எஞ்சியவை சிறியவை; ஆயினும் முதன்மையானவை. ஆய்வுக்கூடத்தைப் பகலிலேயே கூடுதலாகத் திறந்து வைத்தல், முன்பழக்கம் அற்றோர்க்குத் தொடக்க வகுப்பைத் தனியே நடத்துதல், முதல் அரியர் விழுந்த வாரத்திலேயே ஆசிரியர் ஒருவர் பெற்றோரைக் கண்டு பேசுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

இலக்கிய வட்டத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் தொடக்கத்தைச் சுட்டுகிறது. கணினியாளர் இணைப்புப் பட்டியல் என்று கூறும் அமைப்பிலும் ஓர் உறுப்பு அடுத்த உறுப்பின் இருப்பிடத்தைச் சுட்டுகிறது. அந்தாதி அறிந்த பெண்ணுக்கு அப்பாடத்தின் பாதி முன்பே தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதைச் சொல்ல ஒருவர் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, கல்லூரி மாணவியரை அழைத்து, அவர்தம் பாடத்தை நல்ல தமிழில் விளக்கிக் கேட்கும் அரங்கொன்றை இவ்வட்டம் நடத்தலாம். பாட்டும் அறிந்து கணினியும் அறிந்த மூத்த மாணவியரே அங்கு ஆசிரியராகலாம்.

பாரியைப் பாடுவது எளிது. இப்பள்ளத்தாக்கில் தேர் வேண்டியதில்லை. ஒரு பந்தற்கால் போதும். பதினோராம் ஆண்டில் வட்டம் அதனை நடுமாயின், இவ்விழா பொருளுடைய விழாவாகும்.